ஏடு தொடக்கலும் இடாப்பில் ஏற்றலும்

விசயதசமி நாட்காலையில் எங்கள் ஊர்க் கோயில்களிலே ஏடு தொடக்கல் நடைபெறும். தாம்பாளத்திற் பரப்பிய பச்சரிசியிலே குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்துக் குருக்களோ, ஊரில் மதிப்புப் பெற்ற ஓர் ஆசிரியரோ முதலெழுத்தை எழுதுவிப்பர். குழந்தை சிலவேளை அழும்; சிலவேளை அரிசியை அள்ளி வாயிற் போட்டுக்கொள்ளும். பெற்றோர் வெற்றிலை பாக்கு வைத்து வணங்கி வீடு திரும்புவர். அக்குழந்தை எந்த வீதியிற் குடியிருக்கின்றது, அதன் தந்தை எந்தக் கல்லூரியிற் படித்தவர், வாக்காளர் இடாப்பிலே அவர் பெயர் எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்று அங்கே எவரும் வினவுவதில்லை.

ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின் அதே பெற்றோர் ஒரு பாடசாலை அலுவலகத்தின் முன்னே, தடித்த கோப்பொன்றைக் கையில் ஏந்தியவாறு, வாங்கில் அமர்ந்திருப்பதைக் காணலாம். கோப்பினுள்ளே காணி உறுதி, மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல், வாக்காளர் இடாப்பின் பிரதிகள், தந்தையாரின் பழைய விளையாட்டுச் சான்றிதழ் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். நேர்முகப் பரீட்சை பிள்ளைக்கன்று, பத்திரங்களுக்கே என்பதை அவர்கள் அதற்குள் அறிந்திருப்பர்.

அந்த மேசையின் இருபுறத்திலும் அமர்ந்தவன் நான். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் என்ற முறையிலே நேர்முகப் பரீட்சைகளில் உதவியிருக்கின்றேன். தந்தை என்ற முறையிலே கோப்பைச் சுமந்துமிருக்கின்றேன். இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, சங்க இலக்கியத்தைப்பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆயினும் ஆண்டுதோறும் பழைய மாணவர் என்னிடம் கேட்கும் கேள்வி அகநானூற்றைப் பற்றியதன்று. “பிள்ளையை முதலாம் தரத்திற் சேர்ப்பது எப்படி?” என்பதே அவர்கள் கேள்வி. ஆதலால் அதற்கே இங்கு விடை எழுதத் துணிந்தேன்.

முதலில், இவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நோக்குதல் தகும். எங்கள் பாட்டன்மார் காலத்திலே தாய்மொழிப் பாடசாலையிற் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆங்கிலக் கல்லூரியிலோ திங்கள்தோறும் பணங்கட்டியே படித்தல் வேண்டும். பணமுள்ளவன் பிள்ளை உத்தியோகத்துக்குப் போனான். இல்லாதவன் பிள்ளை தோணிக்கும் வயலுக்கும் போனான். 1943ஆம் ஆண்டிலே வெளிவந்த விசேட கல்விக் குழுவின் அறிக்கை இவ்வேற்றுமையை நீக்க வழி கூறிற்று. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அந்நாளைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஆவர். பெரும் வாதப் பிரதிவாதங்களின் பின்னர் 1945 ஒக்டோபர் 1ஆந் தேதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே இக்கிழக்குக் கரையிலே இராமகிருஷ்ண சங்கத்தார் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளை நடத்தி வந்தனர். திருகோணமலை இந்துக் கல்லூரி 1925இல் அச்சங்கத்தின் பொறுப்பில் வந்ததையும், விபுலாநந்த அடிகள் அதன் அதிபராக விளங்கியதையும் இம்மலரின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கையிற் சேர்த்தன. சமயத்தார் கட்டிய பாடசாலை பொதுப் பாடசாலையாயிற்று. ஆயினும் பழைய அடையாளம் முற்றாக அழிந்துவிடவில்லை. அவ்வாறு ஏற்கப்பட்ட பாடசாலைகளிற் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, ஏற்ற காலத்திலே அங்கிருந்த சமய விகிதத்தைக் கருதவேண்டும் என்ற விதி சேர்க்கைச் சுற்றுநிருபத்திலே இடம்பெற்று வருகின்றது.

பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்படலாயின. இவை பலரும் அறிந்தவை. பலர் அறியாதது ஒன்றுண்டு. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றோரின் சட்டக் கடமையாயிற்று. 2016இல் மேலெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டறிவதற்கு ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் வரவுக் குழு இருத்தல் வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பெற்றோருக்கு அனுப்புங் கடமை உண்டெனில், அரசுக்கு ஏற்குங் கடமையும் உண்டன்றோ? அனுப்பப்பட்ட பிள்ளையை ஏற்க ஏதேனும் ஓர் அரசாங்கப் பாடசாலை திறந்திருந்தே ஆகவேண்டும். “இடமில்லை” என்று ஒரு பாடசாலை சொல்லலாம். எல்லாப் பாடசாலைகளும் சேர்ந்து அவ்வாறு சொல்ல முடியாது.

இந்த ஈற்று வாக்கியத்திலேதான் எங்கள் நகரத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. எல்லாருக்கும் இடமுண்டு, ஆனால் எல்லாரும் விரும்பும் இரண்டு மூன்று பாடசாலைகளில் எல்லாருக்கும் இடமில்லை. அவ்விடத்திலேதான் புள்ளிக் கணக்குத் தொடங்குகின்றது.

ஒவ்வோர் ஆண்டும் கல்வி அமைச்சு ஒரு சுற்றுநிருபத்தையும், அதனோடு மாதிரி விண்ணப்பப் படிவத்தையும் வெளியிடும். சேரவேண்டிய ஆண்டின் சனவரி 31ஆந் தேதியிலே பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்திய ஆண்டிலேயே, குறித்த தேதிக்குள், உரிய அதிபருக்குப் பதிவுத் தபாலிற் சென்று சேரவேண்டும். “பிள்ளைக்கு இன்னும் ஐந்து வயதாகவில்லையே” என்று காத்திருந்து காலந்தவறிய பெற்றோரை நான் எண்ணிக்கையின்றிக் கண்டிருக்கின்றேன். நான்கு வயதிலேயே பத்திரங்களைத் தேடத் தொடங்குதல் நன்று.

இருக்கும் இடங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு பாடசாலைக்கு அண்மையிற் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு உரியது. காற்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு உரியது. எஞ்சியதை, அப்பாடசாலையில் ஏற்கெனவே கற்கும் பிள்ளைகளின் சகோதரர், கல்வித் துறையிற் பணியாற்றுவோரின் பிள்ளைகள், இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தரின் பிள்ளைகள், பிறநாட்டிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகள் ஆகியோர் பகிர்ந்துகொள்வர். இப்பிரிவுகளின் சிறுகூறுகள் காலத்துக்குக் காலம் மாறும். ஆதலால் மைத்துனர் மூன்றாண்டுக்கு முன் பயன்படுத்திய படிவத்தைப் பார்த்து எழுதுதல் ஆகாது. அவ்வாண்டின் சுற்றுநிருபத்தையே வாங்கிப் படித்தல் வேண்டும்.

அண்மையைக் கணக்கிடும் முறை சுவையானது. வாக்காளர் இடாப்பிலே பெற்றோரின் பெயர் எத்தனை ஆண்டு தொடர்ந்து உள்ளது என்பதற்கும், குடியிருக்கும் வீடு தமதா வாடகையா என்பதற்கும், அதனை உறுதிப்படுத்தும் பிற பத்திரங்களுக்கும் தனித்தனியே புள்ளிகள் உண்டு. எல்லாவற்றினும் கனமானது தூரத்திற்குரிய புள்ளி. தூரம் என்றவுடன் வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள வீதியை அளப்பதாகப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. நாட்டுப் படத்திலே வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பாடசாலை வரையுள்ள நேர்கோட்டை ஆரையாகக் கொண்டு, ஒரு வட்டம் வரைதல் வேண்டும். பிள்ளையைச் சேர்க்கத் தகுந்த ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரசாங்கப் பாடசாலைகள் அவ்வட்டத்தினுள் எத்தனை உள்ளனவோ, அத்தனைக்கும் புள்ளி கழிக்கப்படும். அதாவது, விரும்பிய பாடசாலை எத்துணைக் கிட்டத்தில் உள்ளது என்பது கேள்வியன்று. அதைவிடக் கிட்டத்திலுள்ள பாடசாலைகளைத் தாண்டி ஏன் வருகின்றீர் என்பதே கேள்வி.

திருகோணமலை நகரத்திலே இவ்வட்டத்தை வரைந்து பார்த்தவர் சிரிக்காதிருத்தல் அரிது. நகரமோ இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடப்பது. உவர்மலையில் ஒரு வீட்டை மையமாக வைத்து வட்டமிட்டால் அதனுட் பெரும்பகுதி நீராகவே இருக்கும். மீன்களுக்குப் பாடசாலை இல்லாமையால் அவ்வீட்டாருக்குப் புள்ளி குறைவதில்லை. நகரின் நடுவே குடியிருப்பவருக்கோ, ஒன்றையொன்று அடுத்து நிற்கும் பாடசாலைகள் பல அவ்வட்டத்துள் வந்து விழுந்துவிடும். ஆண்பிள்ளைக்குப் பெண்கள் பாடசாலையை எண்ணலாகாது. தமிழ்மொழிப் பிள்ளைக்குச் சிங்களமொழிப் பாடசாலையை எண்ணலாகாது. இவற்றைப் பெற்றோர் தாமே சரிபார்த்தல் வேண்டும். தவறாக எண்ணப்பட்ட ஒரே பாடசாலையால் இடமிழந்து, மேன்முறையீட்டிலே மீண்டும் பெற்ற குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

எங்கள் மாவட்டத்தார் இன்னொரு விதியையும் நன்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆறு, களப்பு, சதுப்பு நிலம், ஒதுக்குக் காடு முதலிய இயற்கைத் தடையினாலே கிட்டவுள்ள ஒரு பாடசாலைக்குச் செல்ல இயலாதாயின், அதற்காகப் புள்ளி கழிக்கலாகாது. இவ்விதியை எழுதியவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வெள்ளைமணலில் நின்று பார்த்தால் திருகோணமலை நகரம் நீருக்கப்பாற் கண்ணெதிரே தெரியும். வீதியால் வருவதாயின் சீனக்குடாவைச் சுற்றி நெடுந்தூரம் வரவேண்டும். கொட்டியாரக் குடாவின் தென்கரையும் அத்தகையதே. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அப்பக்கத்து ஆசிரியர்களும் மாணவர்களும் பாதையிற் கடந்தே வந்தனர். நீரை நேர்கோடு கடந்துவிடும்; ஐந்து வயதுப் பிள்ளை கடக்குமா? 2021 நவம்பர் 23ஆந் தேதி காலையிலே குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவரும் நீரில் மூழ்கி மாண்டனர். பாலம் திருத்தப்படும் காலத்திலே அவர்களுக்கு வேறு குறுக்கு வழி இருக்கவில்லை. தூரப்புள்ளி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அக்காலை எனக்கு நினைவில் வரும். ஆகவே, இடையில் நீரோ காடோ இருக்குமாயின் விண்ணப்பத்தோடு அதனைக் குறிப்பிட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் இணைத்துவிடுக. நேர்முகப் பரீட்சையில் வாயாற் சொன்னது குறிப்பில் ஏறாமற் போகலாம்.

இனி, இம்மலரைக் கையிலேந்தியிருக்கும் பெரும்பாலோருக்கு நேரே உரிய காற்பங்கைப் பற்றிப் பேசவேண்டும்.

பழைய மாணவர் பிரிவிலே பெற்றோர் அப்பாடசாலையில் எத்தனை ஆண்டு கற்றனர், கல்வியில் எய்திய பேறு யாது, விளையாட்டிலும் பிற துறைகளிலும் என்ன செய்தனர், பழைய மாணவர் சங்கத்தில் எத்தனை ஆண்டு அங்கத்தவர், பாடசாலைக்கு என்ன உதவி புரிந்தனர் என்பவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. ஆகவே, விண்ணப்பிக்கும் ஆண்டிலே சங்கத்திற் சேர்ந்து சந்தா கட்டுவதாற் பெரும்பயன் விளையாது. விடுகைப் பத்திரத்தைத் தேடி வையுங்கள். இல்லையேல் சேர்விடாப்பிலிருந்து உறுதிப்படுத்திய கடிதத்தை அதிபரிடம் காலத்தோடு கேளுங்கள். யுத்த காலத்திலே பல பாடசாலைகளின் பழைய ஏடுகள் சிதைந்துபோயின. வகுப்புத் தோழருடன் எடுத்த படம் நினைவுக்கு நன்று; சான்றாக அது போதாது.

இவ்வளவும் ஆசிரியன் என்ற முறையிற் கூறினேன். இனித் தனி மனிதனாக ஒன்று கூற அனுமதி வேண்டும். தந்தை இருபத்தைந்து ஆண்டுக்கு முன் எடுத்த ஓட்டங்கள் மகனை வகுப்பினுள் ஏற்றுகின்றன. ஓட்டம் எடுக்க மட்டை இல்லாதிருந்தவரின் மகன் வெளியே நிற்கின்றான். இது முறையா என்ற ஐயம் என்னை விட்டு நீங்கியதில்லை. இவ்வையம் எனக்கு மட்டும் உரியதுமன்று. 2007ஆம் ஆண்டிலே இந்நாட்டு உயர் நீதிமன்றம், அக்காலத்துச் சேர்க்கைச் சுற்றுநிருபம் சட்டத்தின் முன் யாவருஞ் சமம் என்னும் உரிமைக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. ஆயினும் பழைய மாணவர் பங்கு வேறு வடிவில் மீண்டும் வந்து நிலைபெற்றது. அயல்நாடாகிய இந்தியாவைப் பாருங்கள். அங்கே 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையோர் நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் பாடசாலைகளின் தொடக்க வகுப்பிலே நூற்றுக்கு 25 இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு பணிக்கின்றது. அங்கும் காற்பங்கு, இங்கும் காற்பங்கு. யாருக்கு என்பதிலேதான் வேறுபாடு.

இதற்கு மறுமொழியும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. பழைய மாணவரின் பாசமே பல பாடசாலைகளுக்கு மதிலும் கூரையும் ஆயிற்று. சுனாமிக்குப் பின்னும் யுத்தத்துக்குப் பின்னும் அரசின் பணம் வருமுன்னே பழைய மாணவரின் பணம் வந்த இடங்கள் பல. தான் படித்த வாங்கிலே தன் மகனும் இருக்கவேண்டும் என்று ஒருவர் விரும்புவதைக் குற்றம் எனக் கூற எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அவ்விருப்பம் இருந்தது. என் கோப்பிலும் நான் பெற்ற ஒரு பேச்சுப்போட்டிச் சான்றிதழ் இருந்தது.

ஆனால் விதி தந்த பங்குக்கு மேலே ஒன்றும் கேட்கலாகாது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு ஈடாகப் பணமோ பொருளோ பெறுதல் தடுக்கப்பட்டது. இதன் பொருட்டு இந்நாட்டில் அதிபர்கள் சிலர் இலஞ்ச வழக்கிலே கைதானதைப் பத்திரிகைகளில் யாவரும் படித்திருப்போம். அயலிலே ஓர் உறவினரின் வீட்டு முகவரியைக் கடன்வாங்கி, இல்லாத குடியிருப்பைக் காட்டுதலும் அத்தகையதே. அவ்வாறு செய்தவர் வீட்டுக்கு அதிகாரிகள் சென்று பார்க்கும்போது, “இங்கேதான் படுக்கிறாயா?” என்ற கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவன் அச்சிறுவன். பாடசாலை வாழ்வின் முதற் பாடம் அதுவாதல் வேண்டா.

நேர்முகப் பரீட்சை முடிந்ததும் தற்காலிகப் பெயர்ப்பட்டியல் பாடசாலையில் ஒட்டப்படும். அதனைக் கண்டு மனமுடைந்து திரும்புவோர் பலர். குறித்த நாட்களுக்குள் மேன்முறையீடும் செய்யலாம். தகுதியற்றவர் பெயர் உள்ளதாயின் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அவற்றை ஆராயத் தனிச்சபை உண்டு. விரும்பிய பாடசாலையில் இடம் கிட்டாதாயின், படிவத்திற் குறித்த ஏனைய பாடசாலைகளிலும் அவ்வாறே ஆயின், வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்லுதல் வேண்டும். வெற்றிடமுள்ள பாடசாலையைக் காட்டுதல் அவர்கள் பொறுப்பு.

வெற்றிடமுள்ள பாடசாலை என்றவுடன் முகஞ்சுளிப்பவர்க்கு ஒன்று சொல்வேன். இந்நாட்டிலே ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றிலே நெருக்கடியினால் வகுப்பறை வழிகின்றது. வேறு பலவற்றிலே முதலாம் தரத்துக்குப் பத்துப் பிள்ளைகளும் சேர்வதில்லை. பாடநூல் இரண்டிலும் ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே, பயிற்றப்பட்ட ஆசிரியர் இரண்டிலும் உளர். ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்திலே தொடங்கப்பட்டது. அதன்படி அவ்வகுப்புப் பிள்ளை கற்பன தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பனவே. அதிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே முதலிடம், எழுத்துவேலை சிறுபங்கு. தொடக்க வாரங்களிலே ஆசிரியர் பிள்ளைக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை என்று சில பெற்றோர் முறையிடுவர். அவ்வாரங்களில் ஆசிரியர் பிள்ளையை இனங்காணுகின்றார். யாருக்குக் கண்பார்வை குறைவு, யாருக்குக் காது மந்தம், யார் கூட்டத்தைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பதைப் பதினைந்து பிள்ளைகளுள்ள வகுப்பிலே இலகுவிற் காணலாம். நாற்பதை நெருங்கிய வகுப்பிற் காண்பது அரிது. இரண்டு வகையான வகுப்பிலும் நின்று பார்த்த பின்னரே இதனை எழுதுகின்றேன்.

இறுதியாக, கோப்பே இல்லாத பிள்ளையைப் பற்றி. இதனை எழுதவேண்டும் என்பதற்காகவே ஏனையவற்றை எழுதினேன் என்றாலும் பொருந்தும்.

2010ஆம் ஆண்டளவில் நான் ஒரு சிறிய பாடசாலையிற் கற்பித்தேன். ஆண்டு தொடங்கி இரண்டு கிழமைக்குப் பின் ஒரு தாய், ஏழு வயது மதிக்கத்தக்க மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். கொட்டியாரக் குடாவின் தென்புறத்து ஊரொன்றைச் சேர்ந்தவர். 2006இல் அப்பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது புறப்பட்டவர், முகாம், உறவினர் வீடு, மீண்டும் முகாம் என்று மாறி மாறி இருந்து நகர்ப்புறத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். சம்பூர்ப் பகுதியில் எஞ்சிய காணிகள் மக்களுக்கு மீண்டது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் என்பது வாசகர் அறிந்ததே. “பத்திரம் ஒண்டும் இல்லை, சேர். ஓடேக்குள்ள எல்லாம் விட்டுட்டு வந்தது,” என்றார் அத்தாய். பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தால் சேர்க்கலாம் என்று விடையளிக்கப்பட்டது. அவ்விடையை வாய்திறந்து சொன்னவன் நான்தான். கலாசாலையிற் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. படிவத்தில் வெற்றிடம் இருத்தலாகாது என்பதை மட்டும் நன்கு கற்றிருந்தேன். சிறுமி கதவோரத்தில் நின்று, உள்ளே பிள்ளைகள் காகிதத்தில் தோணி மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த ஆசிரியை அன்று மாலை இதனை அறிந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “தம்பி, சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்லுதா, பத்திரத்தை அனுப்பச் சொல்லுதா?” மறுநாள் அவர்களைத் தேடிப்போனேன். குடியிருந்த கொட்டிலைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அடுத்த கிழமை சிறுமி வகுப்பில் இருந்தாள். பத்திரம் பின்னால் வரட்டும் என்று அதிபர் இசைந்தார்.

பத்திரத்தைத் தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகின்றேன். இன்றும் இவை பலருக்குப் பயன்படுகின்றன. சான்றிதழ் தொலைந்தது என்பதும் பதிவு இல்லை என்பதும் ஒன்றல்ல. வீட்டிலிருந்த தாள் எரிந்தாலும் பதிவாளரின் ஏடு வேறிடத்தில் இருக்கும். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்திலே, பிறந்த தேதியையும் பெற்றோர் பெயரையும் கொடுத்து, ஏட்டைத் தேடுவித்துப் பிரதி பெறலாம். பிறப்பு மூன்று மாதத்துக்குள் பதியப்படாது விடுபட்டிருந்தால், காலங்கடந்த பதிவுக்குப் பிரகடனம் செய்யலாம். மருத்துவமனைக் குறிப்பு, தாயிடமுள்ள பிள்ளையின் வளர்ச்சி அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிமொழி முதலியன அதற்குத் துணையாகும். அதுவும் இயலாதவிடத்து உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்றுண்டு. இவற்றுள் எதுவும் ஒரு நாளிற் கிடைப்பதன்று. அதுவரை பிள்ளை வகுப்பினுள் இருத்தலே முறை. வயதுச் சான்று இன்மையாற் பிள்ளையை மறுக்கலாகாது என்று மேலே கூறிய இந்தியச் சட்டம் வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றது. எங்கள் கட்டாயக் கல்வி விதியின் உட்கிடையும் அதுவே என்று நான் கொள்கின்றேன்.

அச்சிறுமியின் பிறப்புப் பதியப்பட்டிருந்தது. பதிந்தவர் பாட்டனார். அவர் தம் தாயின் பெயரைப் பேர்த்திக்கு எழுதுவித்துவிட்டு வீட்டில் எவரிடமும் கூறவில்லை போலும். வீட்டார் அழைத்த பெயர் வேறு. முதன்முறை தேடியபோது பெயர் அகப்படாமைக்கு அதுவே காரணம். தேதியையும் தாயின் பெயரையும் கொண்டு மீண்டும் தேடியபோது அகப்பட்டது. சேர்விடாப்பிலே பாட்டனார் இட்ட பெயரையே எழுதினோம். வகுப்பில் மற்றப் பெயராலேயே அழைத்தோம்.

சான்றிதழின் பிரதி கைக்கு வந்த அன்று அத்தாய் அதனைப் பல முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அதனை என்னிடமே நீட்டி, “இது பள்ளிக்கூட அலுமாரியிலேயே இருக்கட்டும், சேர். எங்கட வீடு எப்ப எங்க இருக்குமெண்டு தெரியாது,” என்றார். ஒரு பிரதியை அலுமாரியில் வைத்துவிட்டு, மற்றொன்றை நீர் புகாத உறையிலிட்டு அவரிடமே கொடுத்தேன்.